பழைய டோசரில் சின்ன எஞ்சினை எடுத்து மின்சார ஸ்ராட்டர் பொருத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியில் பத்தை துப்புரவாக்குதல், குளம் தூர்வாருதல், பனங்குத்தி கிளப்புதல் ஆகிய வேலைகளில் ஓடிய நடுத்தர அளவு டோசர் ஒன்றைப் பற்றிய பதிவு இது. உரிமையாளர் ஓர் ஒப்பந்தகாரர். இயந்திரத்தை முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டுபவர் வயதான சாரதி. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். டீசல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படாமல் தலைப்பகுதியில் உள்ள சிறு அறைக்குள் தெளிக்கப்பட்டு, அங்கே எரிய ஆரம்பித்துக் கீழே இறங்கும் பழைய அமைப்பு. இந்த எஞ்சினைச் சுற்றிவிட, பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் ஒன்று இருந்தது. ஊரில் இதைச் சின்ன எஞ்சின் என்பார்கள், சிலர் போனி என்பார்கள். கேட்டர்பில்லர் 1931 இல் வெளியிட்ட முதல் டீசல் செயின் இயந்திரத்திலேயே இந்த முறை இருந்தது. பிறகு பல பத்தாண்டுகள் கனரக இயந்திரங்களில் அது நிலைத்தது.

யாழ்ப்பாணத்தில் இந்த முறைக்கு வேறொரு மதிப்பும் இருந்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறியும் பெற்றோலும் வடக்குக்கு வர விடப்படவில்லை. தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மக்னீற்றோவில் ஓடும் சின்ன எஞ்சினுக்குப் பற்றறி தேவையில்லை. கயிறு சுற்றி இழுத்து, கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பற்றறியை நம்பிய இயந்திரங்கள் படுத்துவிட, இது ஓடியது.

அந்த ஓட்டத்துக்கான விலையைச் சின்ன எஞ்சின் கொடுத்தது. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிக் கீழே இறங்கி, ஒயிலையே நீர்க்கச் செய்யும். சிலிண்டர் தேய்ந்ததற்கு அதுவே காரணம். இரண்டாவது கேடு தண்ணீரால் வந்தது. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. றேடியேற்றருக்கு வருடக்கணக்காக அதையே ஊற்றியதால், சின்ன எஞ்சினின் தலையில் உள்ள ஒடுங்கிய நீர்வழிகள் வெள்ளைப் படிவால் அடைபட்டு, தலை சூடேறி, இரண்டு வால்வுகளுக்கும் இடையே வெடிப்பு விழுந்திருந்தது. குளிரூட்டும் நீர் சின்ன எஞ்சினின் ஒயிலுக்குள் இறங்கியது. பிஸ்ரனும் றிங்கும் கிடைக்கவில்லை. ஸ்லீவ் போட்டுத் தலையை ஒட்டி எடுத்தாலும் வெடிப்பு மீண்டும் திறக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அதனால் மின்சார ஸ்ராட்டர் போடுவதென்று உரிமையாளர் தீர்மானித்தார்.

சின்ன எஞ்சின் செய்துவந்த வேலைகள்

வேலை தொடங்குமுன் சாரதி மெக்கானிக்கிடம் கேட்ட கேள்வியே இந்த மாற்றத்தின் திசையைத் தீர்மானித்தது: “தம்பி, சின்ன எஞ்சினைக் கழட்டிப்போட்டியள் எண்டால், காலமை தண்ணியை எது சூடாக்கும்?”

சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைச் சுற்றியதோடு நிற்கவில்லை. இரண்டுக்கும் ஒரே குளிரூட்டும் நீர். ஐந்து நிமிடம் ஓடினால் பெரிய எஞ்சினின் தலையும் இளஞ்சூடாகிவிடும். அதன் புகைக்குழாய், பெரிய எஞ்சின் காற்று இழுக்கும் மனிபோல்டுக்குள்ளால் போய் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும். கொம்பிரஷனைத் திறந்து வைத்துவிட்டு, அதாவது சிலிண்டரில் காற்று அழுத்தப்படாமல் வெளியேற விட்டு, நிமிடக்கணக்காகச் சுற்றலாம். அதற்குள் ஒயில் பிரஷர் ஏறி பெயரிங்குகள் நனைந்துவிடும். டீசல் வழியில் காற்றுப் புகுந்திருந்தால் சுற்றியே அதையும் வெளியேற்றலாம். மின்சார ஸ்ராட்டர் இவற்றில் சுற்றுவதை மட்டுமே செய்யும், அதுவும் 15 செக்கன்தான். மற்ற வேலைகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் பெரிய ஸ்ராட்டரையும் பெரிய பற்றறியையும் பூட்டினால் குளிர் நாளில் ஏமாற்றமே மிஞ்சும். இந்த மாற்றம் சரிவரவில்லை என்று கைவிடப்பட்ட இயந்திரங்கள் பலவற்றில் நடந்தது அதுதான்.

பார்வையிட்டதில் கண்டவை

சின்ன எஞ்சின் அடியோடு நிற்பதற்கு முன்பே பெரிய எஞ்சினின் கொம்பிரஷன் அளக்கப்பட்டது. மூன்று சிலிண்டர்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. நான்காவது 60 பிஎஸ்ஐ குறைவு. இன்ஜெக்டர் துளையால் கொஞ்சம் ஒயில் விட்டு அளந்தபோதும் அது ஏறவில்லை. ஆகவே கோளாறு றிங்கில் இல்லை, வால்வில். சின்ன எஞ்சின் நிமிடக்கணக்கில் சுற்றும்போது இந்தக் குறை வெளியே தெரியாது. 15 செக்கனில் எரிய வேண்டும் என்னும்போது அதுவே தடையாகும். தலையைக் கழற்றி வால்வுகளை அரைத்து உட்கார வைத்த பின்னரே மற்ற வேலை தொடங்கியது.

மெயின் கிளச்சைக் கழற்றி, செயின் புளொக்கில் தொங்கவிட்டு, எஞ்சினின் பின்முனையில் உள்ள கனச் சக்கரமான ஃபிளைவீல் வெளியே எடுக்கப்பட்டது. அதன் விளிம்பைச் சுற்றியுள்ள பல்வளையமான றிங் கியரில் 132 பற்கள், அகலம் 19 மி.மீ. இரண்டு இடங்களில் மட்டும் பத்துப் பற்கள் அளவுக்கு முன்விளிம்பு 3 மி.மீ. வரை உடைந்து மழுங்கியிருந்தது. அந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிரே. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது கொம்பிரஷன் தடுக்கும் இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் வந்து நிற்கும். அதைச் சுற்றிவிடும் சிறு பற்சக்கரமான பினியன் எப்போதும் அதே பற்களில் வந்து இடிப்பதால் தேய்மானமும் அங்கேயே.

அடுத்தது மனிபோல்டு. சின்ன எஞ்சினின் புகை போகும் உள்வழியின் சுவர் ஓரிடத்தில் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தது. சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்தக் குழாய் வாயை அப்படியே விட்டிருந்தால், பெரிய எஞ்சின் எயார் ஃபில்டரைத் தாண்டி அதனூடாகப் புழுதியை உறிஞ்சியிருக்கும். செம்மண்ணில் வேலை செய்யும் டோசருக்கு அது ஒரு பருவத்திலேயே சிலிண்டரைத் தின்றுவிடும். இந்த மாற்றத்தில் கைவைப்பவர்கள் வேறெதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும்.

ஸ்ராட்டரைத் தெரிவுசெய்தது

முதலில் கொண்டுவரப்பட்டது யப்பான் லொறியொன்றின் பாவித்த ஸ்ராட்டர்: 24 வோல்ற், 4.5 கிலோவாற், 11 பல். கையால் வைத்துப் பார்த்தபோது றிங் கியரில் நன்றாகவே கடித்தது. நுண்ணளவு எடுக்கும் வேர்னியர் வேறு கதை சொன்னது.

பார்க்கும் முறை எளிது. பல் எண்ணிக்கையோடு 2 ஐக் கூட்டி, அங்குலத்தில் அளந்த வெளிவிட்டத்தால் வகுக்க வேண்டும். வரும் எண் பல்லின் பருமனைக் காட்டும், இரண்டிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். றிங் கியரின் வெளிவிட்டம் 16.75 அங்குலம். 134 ஐ அதனால் வகுக்க 8 வரும். யப்பான் பினியனின் வெளிவிட்டம் 39 மி.மீ., அதாவது 1.535 அங்குலம். 13 ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 8.5. ஒன்று அங்குலக் கணக்கில் வெட்டிய பல், மற்றது மெற்றிக் பல். அடுத்தடுத்த பற்களின் இடைவெளி ஒன்றில் 9.97 மி.மீ., மற்றதில் 9.42 மி.மீ. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பற்களே கடிப்பதால் கைக்கு வித்தியாசம் தெரியாது. சுமை ஏறியதும் ஒரு பல்லின் நுனி எதிர்ப்பல்லின் அடியைக் குடையும். ஸ்ராட்டர் பினியன் போனால் மாற்றலாம், றிங் கியர் போனால் மீண்டும் கிளச்சைக் கழற்ற வேண்டும். அந்த ஸ்ராட்டர் திருப்பி அனுப்பப்பட்டது.

பொருந்தியது பழைய பிரித்தானிய பஸ் ஒன்றின் 24 வோல்ற் ஸ்ராட்டர். 11 பல், வெளிவிட்டம் 41.3 மி.மீ. அதே கணக்கில் 8. றிங் கியர் 132, பினியன் 11, ஆகவே விகிதம் 12 க்கு 1. சுமையில் ஸ்ராட்டர் நிமிடத்துக்கு 2,040 சுற்றுக் கொடுத்தால் எஞ்சின் 170 சுற்றுக்குக் குறையாது. ஆர்மேச்சர் கழுவி, பிரஷ்ஷும் புஷ்களும் புதிதாகப் போடப்பட்டன.

திசையிலும் ஒரு பொறி இருந்தது. சாரதி இருக்கைப் பக்கம் இடம் தாராளம் என்பதால், பின்னாலிருந்து முன்னோக்கிப் பூட்டலாம் என்று கடைசல்காரர் சொன்னார். முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் எஞ்சினில், ஸ்ராட்டர் எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி நீட்டினால் பினியன் முனையிலிருந்து பார்க்க வலஞ்சுழி வேண்டும். லொறி, பஸ் ஸ்ராட்டர்களில் பெரும்பாலானவை அப்படித்தான். பின்னாலிருந்து பூட்டினால் இடஞ்சுழி ஸ்ராட்டர் தேட வேண்டும். வயரை மாற்றிச் சுற்றுத் திசையைத் திருப்பினாலும் பினியனின் ஒருவழிக் கிளச் எதிர்ப்பக்கமாக நழுவும். சின்ன எஞ்சினின் பினியன் நுழைந்த அதே வாயால், முன்பக்கத்திலிருந்தே பூட்டுவதென முடிவானது. றிங் கியர் பற்களின் சாய்வு விளிம்பும் அந்தப் பக்கமே இருந்தது.

பொருத்திய விதம்

றிங் கியரைச் சுற்றிவரச் சீராகச் சூடாக்கி, பித்தளைத் துண்டு வைத்துத் தட்டிக் கழற்றி, கால் வட்டம் திருப்பி மறுபடி ஏற்றினார்கள். பழுதான பற்கள் எஞ்சின் நிற்கும் இடத்திலிருந்து விலகிப்போயின. 200 பாகை செல்சியஸுக்கு மேல் கொஞ்சம் போதும். அந்தச் சூட்டில் விட்டம் ஒரு மி.மீ. அளவு விரியும். மினுக்கி வைத்த இடத்தில் வைக்கோல் மஞ்சள் நிறம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். நீலம் ஏறினால் பல்லின் கடினம் போய்விடும். மழுங்கிய விளிம்புகள் சிறு அரத்தால் பிசிறு நீக்கப்பட்டன.

பொருத்து தகடு 20 மி.மீ. உருக்கு. ஃபிளைவீல் கூட்டில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. சின்ன எஞ்சினின் போல்ட் துளைகளே பயன்பட்டன. என்றாவது நல்ல சின்ன எஞ்சின் கிடைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும் என்பது உரிமையாளரின் நிபந்தனை, அது நியாயமானதும்கூட. ஸ்ராட்டரின் வட்டக் கழுத்து தகட்டுத் துளையில் இறுக உட்கார வேண்டும். நடுவப்படுத்துவது அந்தக் கழுத்து. போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்க மட்டுமே.

ஃபிளைவீலின் மையத்திலிருந்து பினியனின் மையத்துக்குக் கணக்குப்படி 227.0 மி.மீ. அப்படியே வைத்தால் பற்கள் இடைவெளியின்றி இறுகும், பினியன் திரும்பி வராது. 0.7 மி.மீ. கூட்டி வைத்தால் பல்லுக்குப் பல் அரை மி.மீ. அளவு தளர்வு கிடைக்கும். தகடு முதலில் இரண்டு சிறு கிளாம்ப்புகளால் பிடிக்கப்பட்டது. பல்லில் நீலம் பூசிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுவதைப் பார்த்த பிறகே தகடு அசையாதிருக்க இரண்டு 10 மி.மீ. ஊசிகள் அடிக்கப்பட்டன. ஓய்வில் பினியனுக்கும் றிங் கியர் முகத்துக்கும் இடையே 3.5 மி.மீ. ஃபிளைவீலின் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, மிகக் குறைந்த இடத்தில் எடுத்த அளவு அது.

சின்ன எஞ்சினுக்குப் போன இரண்டு நீர்வாய்களும் 8 மி.மீ. தகடும் கஸ்கெற்றும் வைத்து அடைக்கப்பட்டன. மனிபோல்டின் புகைவழி இரு முனையிலும் அடைக்கப்பட்டு, டீசல் நிரப்பி ஓர் இரவு வைத்துச் சோதிக்கப்பட்டது. ஊசித்துளை வார்ப்பிரும்புக் குச்சியால் ஒட்டப்பட்டது. நீர்வழிகள் சுத்தம் செய்யப்பட்டு, மழைநீரோடு கூலன்ற் கலந்து ஊற்றப்பட்டது.

சூடாக்கும் வேலைக்கு என்ன செய்வது? இதே அமைப்புள்ள எஞ்சின்கள் தொழிற்சாலையிலிருந்தே மின்சார ஸ்ராட்டோடு வந்தபோது எரியறைகளில் அவற்றைச் சூடாக்கும் குளோ பிளக் இருந்தது. இந்தத் தலையில் அதற்கு இடமில்லை. துளைத்தால் நீர்வழியில் போய் முடியும் ஆபத்து இருந்ததால் தலையில் கைவைக்கவில்லை. பதிலாகக் காற்று நுழையும் முழங்கைக் குழாயில் 24 வோல்ற், 50 அம்பியர் கம்பிச் சுருள் ஹீற்றர் ஒன்று போடப்பட்டது. எளிதில் தீப்பிடிக்கும் ஈதர் ஸ்பிறேயை ஸ்ராட் பண்ணப் பாவிக்கக் கூடாதென்று டாஷ் பலகையில் பெயின்றால் எழுதப்பட்டது. ஹீற்றர் சிவந்திருக்கையில் ஈதர் அடித்தால் மனிபோல்டிலேயே வெடிக்கும். ஹீற்றர் இல்லாவிட்டாலும் பழைய பிஸ்ரன் றிங்குகள் அதைத் தாங்கா. டீசல் வழியில் காற்று எடுக்க ஒரு கைப்பம்ப் சேர்க்கப்பட்டது. தேய்மானத்துக்காக ஊற்றிவந்த கனத்த 40 ஒயிலுக்குப் பதில் 15டபிள்யூ-40 போடப்பட்டது. கொம்பிரஷன் திறக்கும் நெம்புகோல் அப்படியே விடப்பட்டது.

மின்சாரப் பக்கம்

இரண்டு 12 வோல்ற், 120 அம்பியர்மணி பற்றறிகள் தொடராக. ஒரு முழு ஸ்ராட்டுக்குச் செலவாவது மூன்றரை அம்பியர்மணிக்கு மேல் இல்லை, அதனால் பற்றறியின் கொள்ளளவு பிரச்சினையல்ல. 500 அம்பியரை ஒரே மூச்சில் தரமுடியுமா என்பதுதான் கேள்வி. கேபிள் 70 சதுர மி.மீ. செம்பு. போக வர 5 மீற்றர் நீளத்தில் 500 அம்பியருக்கு 0.6 வோல்ற் இழப்பு. கடையில் முதலில் காட்டிய 35 சதுர மி.மீ. வெல்டிங் கேபிளில் அது இரட்டிப்பாகும். எர்த் கேபிள் சேசியில் பூட்டப்படவில்லை. ஸ்ராட்டரைப் பிடிக்கும் போல்ட்டிலேயே நேராகப் பூட்டப்பட்டது. துருவும் பெயின்றும் உள்ள பழைய சேசியூடாக 500 அம்பியர் ஒழுங்காகத் திரும்பாது. பினியனை முன்தள்ளி ஸ்ராட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சொலினொயிட் இழுக்கும் கணத்தில் 50 அம்பியர் அளவு எடுக்கும், ஆகவே பட்டனுக்கும் அதற்கும் இடையே ஒரு றிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்.

முன்பு ஜெனறேற்றரே இல்லாத இயந்திரம் இது. பற்றறிக்குச் சார்ஜ் ஏற்ற 24 வோல்ற் ஒல்ரனேற்றர் ஒன்று விசிறிப் புலியிலிருந்து (பெல்ற் ஓடும் சக்கரத்திலிருந்து) ஓட வைக்கப்பட்டது. பழைய டோசர் எஞ்சின் வெறும் ஓட்டத்தில் 500 சுற்று, முழு வேகத்தில் 1,400 சுற்றுத்தான். லொறியில் வந்த புலியோடு பூட்டியிருந்தால் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறாது. 180 மி.மீ. புலியிலிருந்து 65 மி.மீ. புலிக்கு, அதாவது 2.8 மடங்கு வேகம் கொடுத்ததும் வெறும் ஓட்டத்திலேயே சார்ஜ் ஏறியது.

ஸ்ராட் செய்யும் ஒழுங்கு

டீசல் அடைத்து, கொம்பிரஷன் திறந்து, ஒயில் பிரஷர் முள் அசையும்வரை சுற்ற வேண்டும், 15 செக்கன் உச்சம். இரண்டு நிமிடம் ஓய்வு. ஹீற்றர் 25 செக்கன். பிறகு டீசல் திறந்து, கொம்பிரஷன் மூடி, மீண்டும் 15 செக்கனுக்குள். பிடிக்காவிட்டால் இரண்டு நிமிடம் பொறுத்து ஹீற்றரிலிருந்து மறுபடி.

அளவுகள்: கொம்பிரஷன் திறந்தபடி 220 அம்பியர், மூடியபடி 480 அம்பியர். அப்போது பற்றறி முனையில் 20.4 வோல்ற், ஸ்ராட்டரில் 19.6 வோல்ற். எஞ்சின் 170 சுற்று. முதல் நாளே பிடித்தது. தை மாத விடியலில் 22 பாகை இருந்தபோது ஹீற்றரோடு பிடித்தது. ஹீற்றர் போடாமல் பார்த்தபோது வெள்ளைப் புகைதான் வந்தது. ஒருதரம் ஓடிச் சூடான பிறகு கொம்பிரஷன் திறக்கவும் தேவையில்லை, ஹீற்றரும் தேவையில்லை.

பிறகு வந்தவை

ஓரிரு மாதத்தில் ஸ்ராட்டர் “டக்” என்று அடித்து நிற்கத் தொடங்கியது. பற்றறி பழுது என்று மாற்றச் சொன்னவர்கள் இருந்தார்கள். மாற்றுமுன் சுற்றவைத்து, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீற்றர் வைத்துப் பார்த்ததில், ஒரு கேபிள் லக்கில், அதாவது கேபிள் முனையில் பூட்டும் உலோகத் துண்டில், மட்டும் 1.9 வோல்ற் இழப்பு. அது சுத்தியலால் அடித்து நசுக்கிய லக். கடல்நீரேரிக் காற்றில் செம்பு இழைகளுக்குள் பச்சை பிடித்து, லக் கைவைக்க முடியாத சூடு. வோல்ற் குறைய சொலினொயிட் அரைகுறையாக இழுத்து, அதன் தொடுதகடுகளும் கரிந்திருந்தன. எல்லா லக்குகளும் ஹைட்றோலிக் கிறிம்பால் மறுபடி போடப்பட்டு, வெப்பத்தில் சுருங்கும் உறையிட்டு, வசிலின் பூசப்பட்டன. தொடுதகடுகள் மாற்றப்பட்டன. பற்றறிகளில் குறையில்லை.

இதைவிடக் கடுமையானது மற்றொன்று. வளவில் இயந்திரம் கியரில் நின்றதைக் கவனிக்காமல் உதவியாள் பட்டனை அமத்தினார். டோசர் அரை அடி முன்னே பாய்ந்து பிளேட் வேலிக் கதியாலில் இடித்தது. முன்னால் ஆள் நிற்கவில்லை. சின்ன எஞ்சின் இருந்த காலத்தில் நெம்புகோல், கிளச், கொம்பிரஷன் என்று ஒவ்வொன்றாகச் செய்தே ஸ்ராட் ஆகும். அந்த நேரத்தில் கியரையும் பார்த்துவிடுவார்கள். ஒற்றைப் பட்டன் அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. மறுநாளே கியர் நெம்புகோலின் நடுநிலையில் மட்டும் மூடும் சுவிட்ச் ஒன்று றிலே வயரில் சேர்க்கப்பட்டது. இது தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டியது.

மாற்ற வேண்டியவை

ஸ்ராட்டர் தேடுமுன் றிங் கியரை அளந்திருந்தால் யப்பான் ஸ்ராட்டருக்கான போக்குவரத்து மிஞ்சியிருக்கும். சின்ன எஞ்சின் இருந்தபோதே அதன் பினியனை அளந்தாலும் அதே விடை கிடைத்திருக்கும், அளப்பதற்கெனக் கிளச்சைக் கழற்றவும் தேவையில்லை.

பற்றறிப் பெட்டி இருக்கைக்குக் கீழே, பூட்டோடு இருக்கிறது. களவு பயத்துக்கு அது சரி. ஆனால் செயின் வீசும் சேறு பெட்டியின் அடியில் தேங்குகிறது. இரண்டு வடிதுளைகள் போதாது. அடித்தகட்டைச் சரிவாக வைத்து றப்பர் மேல் பற்றறிகளை ஏற்ற வேண்டும்.

ஸ்ராட்டர் மூக்கின் கீழே ஃபிளைவீல் கூட்டில் ஒரு வடிதுளை இருப்பதையும் பின்னரே கவனித்தார்கள். அது கிறீஸும் செம்மண்ணும் சேர்ந்து அடைபட்டிருந்தது. மாரி காலத்தில் குளத்து வேலைக்கு இறங்கும் இயந்திரத்தில், பின் பெயரிங்கால் கசியும் ஒயிலும் நீரும் அங்கே தேங்கினால் பினியன் திருகுபற்களில் பசையாகப் படிந்து, பினியன் முன்னே வர மறுக்கும். இப்போது 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றும்போதே அந்தத் துளையும் கம்பியால் குத்தி விடப்படுகிறது. கழற்றிய சின்ன எஞ்சின் கிறீஸ் பூசி, துளைகள் அடைத்து, உரிமையாளரின் கொட்டிலில் இருக்கிறது.